அமாவாசைக்கு அமாவாசை சர்வரை அணைப்போம்

ஒரே ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் கன்டெய்னர்களை ஓட்டி, திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையின் கணினி வேலை முழுவதையும் நடத்தினேன் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகர் சிரித்திருக்கிறார். என் சொந்த மருமகனே சிரித்திருக்கிறான். "மாமா, மூணு மெஷினாவது இல்லாம அதுக்குப் பேரு கிளஸ்டரே இல்ல" என்றான். அப்படியானால் பேரை நீயே வைத்துக்கொள், வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேச்சை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

இந்தத் தொழிலின் புத்தகங்களை எல்லாம் நிறைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் எழுதுகிறார்கள். நமக்குக் கொடுப்பது ஒன்று. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு ஏசி, ஒரு யுபிஎஸ், ஒரு சர்வர். அதில் ஆய்வக முடிவுகள், மருந்தகம், டயாலிசிஸ் முறைப் பட்டியல், வார்டு உணவுச் சீட்டு எல்லாம் ஓட வேண்டும். முன்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தோம். ஆய்வக மென்பொருள் நினைவகத்தை விழுங்கினால் மருந்தகம் படுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனி கன்டெய்னரில், அதாவது ஒன்றின் இடத்தை மற்றொன்று தொட முடியாத பெட்டியில் அடைத்து, அவற்றை மேய்க்க ஒரு மென்பொருளை வைத்தேன். கட்டட வேலையில் மேஸ்திரி இருப்பாரே, அதுதான் இது. யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு எவ்வளவு இடம், விழுந்தவனை எப்படி எழுப்புவது என்று பார்த்துக்கொள்ளும்.

இந்த மேஸ்திரி பெரிய இடத்துக்காகப் பிறந்தவர். மேற்பார்வை செய்கிற இயந்திரத்தில் தானே வேலை செய்ய மாட்டேன் என்பது அவருடைய பிறவிக் குணம். நிறுவி முடித்த முதல் நாள் எல்லாக் கன்டெய்னர்களும் வாசலிலேயே காத்துக் கிடந்தன. ஆள் ஒருத்தர்தான் என்றால் மேஸ்திரியும் கல் தூக்க வேண்டியதுதான். அந்தத் தடையை நீக்க ஒரு வரிக் கட்டளை போதும். அதைத் தட்டியபோது எனக்குக் கிடைத்த திருப்தி கொஞ்சமல்ல. பெரிய இடத்துப் பழக்கத்தை எங்கள் ஊருக்கு இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

திருப்தி தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அறைக் கதவில் ஒரு சிறிய கரும்பலகை மாட்டினேன். 'நிற்காமல் இத்தனை நாள்' என்று தலைப்பு. தினமும் காலையில் எண்ணைக் கூட்டி எழுதுவேன். நூறு தாண்டியபோது எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். முந்நூறு தாண்டியபோது நிர்வாக அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினேன். எங்கள் மருத்துவமனை மின்பணியாளர் என் வயதுக்காரர். அவர் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுருக்குவார். ஒரு நாள் கேட்டே விட்டார்.

"பாய், இது பெருமைக்கு எழுதுறீகளா, இல்ல பயத்துக்கு எழுதுறீகளா?"

"ஏன், உமக்கு என்ன குறைச்சல்?"

"ஓடுற மோட்டரப் பாத்து யாரு வேணா சந்தோசப்படலாம். நிப்பாட்டித் திருப்பி ஓட்டுங்க. அப்பத்தான் அது உங்க மோட்டரு."

வயரைப் பிடிக்கிறவருக்கு மென்பொருளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

அப்போது எனக்குக் கீழே வேலை பார்த்தவள் முருகேஸ்வரி. சின்னாளப்பட்டிக்காரி. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் தறி. டிப்ளமோ முடித்துவிட்டு வந்து எங்களிடம் பயிற்சிக் காலத்தில் இருந்தாள். அது முடிய ஒரு மாதம் பாக்கி. அது முடிந்தால் நிரந்தரம், ஏதாவது குற்றம் ஏறினால் வெளியே. அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்து தறியை விட்டுக் கணினிக்கு வந்தவள் அவள் ஒருத்திதான். "நீ தோத்துட்டு வந்தா என் தம்பி பொண்ணையும் படிக்க விடமாட்டாக" என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதை ஒரு நாள் பேச்சுவாக்கில் என்னிடம் சொல்லியிருந்தாள். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

என் தங்கை மகளுக்குக் கொடைரோட்டில் நிக்காஹ். பகல் விருந்து. இலையில் பிரியாணி வைத்து முதல் கவளம் எடுத்திருக்கிறேன், போன் வந்தது. அன்று மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள், காலையிலிருந்தே ஜெனரேட்டரில்தான் ஓட்டம்.

"சார், கரண்டு அண்ணே நம்ம ரூமு லைன வெட்டணும்ங்கிறாரு. பேனல்ல பொசுங்குற வாடை வருது. அரை மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துருவாராம். யுபிஎஸ் அம்புட்டு நேரம் தாங்காது. சர்வர நிப்பாட்டணும் சார்."

"சரி, நிப்பாட்டு."

"ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்து இல்லாம நிப்பாட்டக் கூடாதே சார்."

"வந்து போட்டுக்கிறேன்மா. முறையா நிப்பாட்டு. கரண்டு வந்ததும் போட்டு விடு. எல்லாம் தானா எந்திரிச்சு வந்துரும்."

சோறு வலது கையில், போன் இடது கையில். 'தானா' என்ற அந்தச் சொல்லை நான் எவ்வளவு லேசாகச் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் கேட்கிறது. உங்களில் யாராவது அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால், தயவுசெய்து என் முகத்துக்கு முன்னால் பயன்படுத்தாதீர்கள்.

தயிர் வெங்காயம் காய்வதற்குள் அடுத்த போன் வந்தது. "சார், மெஷின் வந்துருச்சு. உள்ள ஒண்ணுகூட எந்திரிக்க மாட்டேங்குது." கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்தேன். மாப்பிள்ளைக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. தங்கை அதை இன்னும் மறக்கவில்லை.

மருத்துவமனைக்குள் நுழைந்தால் ஆய்வகத்துப் பெண்கள் முடிவுகளைக் கையால் எழுதிக்கொண்டு வார்டுக்கும் மாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். டயாலிசிஸ் பிரிவின் தலைமைச் செவிலியர் என் அறை வாசலில் நின்றார். அடுத்த முறைக்கு யார், அவர்களுக்கு என்ன அளவு என்பது அந்தப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே நிர்வாக அதிகாரி, கையில் போன். போனில் அந்தப் பெங்களூர் ஆலோசகர், ஒலிபெருக்கியில்.

"ரீசெட் பண்ணிருங்க சார். எல்லாத்தையும் துடைச்சிட்டுப் புதுசா போட்டா ஒரு மணி நேரத்துல ரெடி. ஒத்த மெஷின்ல போடாதீங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதையே செய்யத்தான் நானும் உட்கார்ந்தேன். பதற்றத்தில் மனிதனுக்குத் துடைப்பதுதான் முதலில் தோன்றும். துடைத்தால் நோயாளிகளின் விவரம் போகாது, அது வேறு வன்தட்டில் இருந்தது. மேஸ்திரியின் குறிப்பேடு போய்விடும். எந்தக் கன்டெய்னர் எந்த விவரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், எதற்குப் பின் எது எழ வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. வேறு எங்கும் நான் எழுதி வைக்கவில்லை. எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் நிக்காஹ் வீட்டு மேளமும் செவிலியரின் முகமும் தவிர எதுவும் இல்லை.

கட்டளையைத் தட்டி முடித்துவிட்டேன். கடைசி விசையை அமுக்க வேண்டியதுதான்.

"சார், செத்த நேரம்" என்றாள் முருகேஸ்வரி. "இத ஒரு தடவ படிச்சிட்டு அமுக்குங்க."

ஒரு தாளை நீட்டினாள். திரையில் வந்த பிழைச் செய்திகளில் ஒரே மாதிரி வந்தவற்றை விட்டுவிட்டு, வேறு வேறாக வந்தவற்றை மட்டும் வரிசையாக, மணி போட்டு, உருண்டை உருண்டையான எழுத்தில் கையால் எழுதியிருந்தாள்.

"இதை ஏன்மா உக்காந்து கையால எழுதின?"

"திரையில ஓடிக்கிட்டே இருக்கு சார், ஓடுறதப் படிக்க முடியல. எங்க வீட்டுல தறியில பாவு இழை அறுந்தா, எத்தனாவது இழைன்னு எண்ணிட்டுத்தான் முடி போடுவாக. எண்ணாம கை வச்சா நல்ல இழையும் சேந்து போயிரும்."

மூன்றாவது வரியைப் படித்தேன். சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்று இருந்தது, தேதியோடு. நிமிர்ந்து சுவரில் தினக் காலண்டரைப் பார்த்தேன். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் போட்டிருந்த முறையில் மேஸ்திரிக்கும் அவருடைய ஆட்களுக்கும், கட்டளை கொடுக்கிற எங்களுக்கும் ஒரு வருடத்துக்கான அடையாள அட்டை கொடுக்கப்படும். அதைப் புதுப்பிக்காவிட்டால் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்ப மாட்டார்கள். ஏற்கெனவே வேலையில் நிற்கும் கன்டெய்னர்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முறை நின்றுவிட்டால், மறுபடி எழச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இருக்காது. பத்தொன்பது நாளாக என் சர்வர் அப்படித்தான் ஓடியிருக்கிறது. அந்தப் பத்தொன்பது நாளும் நான் உள்ளே போய் ஒரு கட்டளைகூடக் கொடுக்கவில்லை. பலகையில் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

தட்டியிருந்த கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அட்டைகளைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்து, மேஸ்திரியை மட்டும் மறுபடி எழுப்பினேன். ஒவ்வொன்றாக வந்தன. ஆய்வகம் வந்தது, மருந்தகம் வந்தது, டயாலிசிஸ் பட்டியல் வந்ததும் செவிலியர் திரும்பிப் போய்விட்டார். போகும்போது முருகேஸ்வரியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார், என்னைத் தொடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கவே மாட்டேன். மறுநாள் காலை நிர்வாக அதிகாரியின் அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். மேசையில் ரிஜிஸ்டர் விரித்து வைத்திருந்தது. சர்வரை நிறுத்திய நேரம் அவள் கையெழுத்தில் இருந்தது. அனுமதி அளித்தவர் என்ற கட்டம் காலி. பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு அறிக்கை: 'பயிற்சிப் பணியாளர் அனுமதியின்றி சர்வரை நிறுத்தியதே பாதிப்புக்குக் காரணம்.' கீழே நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள்.

"யார் சொல்லி நிறுத்தின?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் தவறு என்று நான் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒற்றை இயந்திரம் ஆபத்து என்ற ஆலோசகரின் பேச்சு வென்றுவிடும். எல்லாவற்றையும் வெளியூருக்கு மாற்றிவிட்டு என் அறையைப் பூட்டிவிடுவார்கள். அந்த அறை எனக்கு எவ்வளவு பிரியமானது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அரை நிமிடம் நானும் வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் வெட்கப்படுவது சான்றிதழ் காலாவதியானதற்கு அல்ல, அந்த அரை நிமிடத்துக்குத்தான்.

பிறகு ரிஜிஸ்டரை என் பக்கம் இழுத்தேன். காலிக் கட்டத்தில், 'தொலைபேசியில் அனுமதி அளித்தேன்' என்று எழுதி, முந்திய நாள் தேதியைப் போடாமல் அன்றைய தேதி போட்டே கையெழுத்திட்டேன். தட்டச்சு செய்த தாளைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதினேன். 'சர்வர் நிறுத்தியதால் கெடவில்லை. கெட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நிறுத்தியதால்தான் தெரிந்தது. கவனிக்காதது நான்.'

நிர்வாக அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல கையெழுத்துப் போட்டா உங்க ரூமே போயிடும், பாய்."

"ரூமு போனா போகட்டும் சார். இந்தப் பிள்ள போகக் கூடாது. போச்சுன்னா இதே தாளை நான் அறங்காவலர் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு படிப்பேன்."

"மிரட்டுறீங்களா?"

"ஆமா சார்."

இப்படித்தான் பேச வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் பேச வந்தது. அவர் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, மூன்று மாதம் தருகிறேன், ஒற்றை இயந்திரத்தை நம்பலாம் என்று காட்டுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் கிளம்புங்கள் என்றார். அவளுடைய பயிற்சிக் காலத்தையும் மூன்று மாதம் நீட்டினார்.

அறைக்குத் திரும்பி வந்ததும் முருகேஸ்வரி கேட்டாள். "சார், மாசா மாசம் நம்மளே நிப்பாட்டிப் பாத்தா என்ன? எங்க ஊர்ல அமாவாசைக்குத் தறியில ஏற மாட்டாக. அன்னைக்குத்தான் கயிறு, பலகை எல்லாத்தையும் அவுத்துப் பாத்துக் கட்டுவாக."

நான் பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற வீட்டில் பிறந்தவன். நிலாக் கணக்கு எனக்கு அந்நியமில்லை. மாதத்தின் முதல் வியாழன் என்று வைத்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அமாவாசை என்றால் வாசலில் பூசணிக்காய் விற்கிறவருக்கும் தெரியும். புறநோயாளிகள் கூட்டம் வடிந்த பிறகு, மதியம் மூன்று மணிக்கு சர்வரை அணைப்பது, அந்த நேரம் எல்லாப் பிரிவும் தாளில் எழுதுவது என்று முடிவு செய்தோம். மருத்துவமனையே குதித்தது. 'கம்ப்யூட்டருக்கும் அமாவாசையா' என்று கேட்காத மருத்துவர் இல்லை. மின்பணியாளர் மட்டும், "பாய் விரதம் இருக்காரு, யாரும் தொந்தரவு பண்ணாதீக" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எப்போது நிற்கும் என்று தெரியாத இயந்திரத்தைவிட, எப்போது நிற்கும் என்று எல்லாருக்கும் தெரிந்த இயந்திரம் மேல் என்று ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சண்டை போட்டேன்.

ஒரே ஒரு விதி வைத்தோம். எழுப்புகிறவர் கையில் எழுதிவைத்த குறிப்பு மட்டும் இருக்கும். அமைத்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் அமாவாசையில் குறிப்பில் ஒன்பது இடத்தில் ஓட்டை. ஒவ்வொன்றும் என் தலைக்குள் மட்டும் இருந்தது. மூன்றாவது அமாவாசைக்கு அந்த ஆலோசகரையே கூப்பிடச் சொன்னேன். வந்தார். "இன்னைக்கு டிஸ்க்கே போச்சுன்னு வச்சுக்குவோம்" என்று சொல்லி, சர்வரின் வயரைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முருகேஸ்வரி மூலையில் கிடந்த பழைய மேசைக் கணினியைத் துடைத்து எடுத்து, முந்திய இரவுப் பிரதியை ஏற்றி, குறிப்பைப் பார்த்துப் பார்த்து எழுப்பினாள். அன்று காலையிலிருந்து அச்சிட்டுக் கொடுத்த முடிவுகளையும், மூன்று மணிக்குப் பிறகு தாளில் எழுதியதையும் ஆய்வகம் உள்ளே ஏற்றிய பிறகுதான் ஆலோசகருக்குத் தேநீர் வந்தது. குடித்துவிட்டு, "என் பெரிய வாடிக்கையாளர் யாரும் இதச் செஞ்சு பாத்ததில்ல" என்றார். நல்ல மனிதர், வயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். முருகேஸ்வரிக்கு அடுத்த வாரம் நிரந்தர உத்தரவு வந்தது. அறையும் தப்பியது.

கதவில் இருந்த பலகையை நான் எடுக்கவில்லை. தலைப்பை அழித்துவிட்டு அவள் வேறு எழுதினாள்: 'கடைசியாக நின்று எழுந்த நாள்.'

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் ஓய்வு பெற்ற மாதத்து அமாவாசை, பணியின் கடைசி நாளுக்கு முந்திய நாள் வந்தது. அணைத்தார்கள், எழுப்பினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்து மற்றவர்கள் தேநீருக்குப் போனதும் எனக்கு ஓர் ஆசை. ஆறு வருடம் தட்டிய கட்டளையை ஒரு தடவை தட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி தட்டினேன். மறுபடி அதே பதில்.

முருகேஸ்வரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"இன்னைக்குச் சான்றிதழ் புதுப்பிச்சப்ப உங்க பேரச் சேக்கல சார்."

"நாளைக்கு வரைக்கும் நான் வேலைல இருக்கேனே."

"நாளைக்கு நீங்க இருக்கப்ப ஏதாச்சும் நின்னுச்சுன்னா, நீங்க இல்லாம எந்திரிக்குதான்னு எங்களுக்குத் தெரியாமப் போயிரும்ல."

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எழுந்து அவளுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். வெளியே வந்து பலகையில் அன்றைய தேதியை எழுதச் சாக்பீஸை எடுத்தேன். அவள் முன்பே எழுதியிருந்தாள்.